இசைத்தட்டும் ஏடே

விபுலானந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து ஆக்கிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. அந்நூலின் பொருட்டு அவர் பட்ட பாட்டைத் தமிழுலகம் நன்கறியும். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அதன் ஒலியைக் கேட்டவர் எவரும் எஞ்சியிலர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் அடிகளையும் உரைகாரர் விட்டுச் சென்ற குறிப்புகளையும் கொண்டு, கணக்கின் துணையோடு, மறைந்த ஒலியை மீட்க அடிகளார் முயன்றார். எழுத்திலிருந்து ஓசையைத் தேடிய பெருமுயற்சி அது. இன்றைய நிலைமை தலைகீழானது. 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌகர் ஜானின் குரல் இசைத்தட்டில் ஏறியது முதல், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இசை ஒலியாகவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது. ஆயினும் அவ்வொலியை ஆய்வுக்குரிய மூலமாகக் கொள்வோர் மிகச் சிலரே. பழம்பெருமை பேசுவதற்கும் பொழுதுபோக்குவதற்குமே இசைத்தட்டுப் பயன்படுகின்றது. ஏட்டுச்சுவடிக்குத் தரும் மதிப்பை ஒலிப்பதிவுக்குத் தர மறுப்பது தமிழ்க் கல்வியுலகின் பெருங்குறையாகும்.

இக்குறையைப் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில் நின்று நோக்குவது பொருத்தமுடையது. கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, ஏடுகளிலும் செவிவழிச் செய்திகளிலும் சிதறிக் கிடந்த புலவர் வரலாறுகளைத் திரட்டித் ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலாக 1859ஆம் ஆண்டு வெளியிட்டார். பிறர் பொருட்படுத்தாத செய்தியை மூலமாகக் கொள்ளத் துணிந்த ஒருவரைப் பெற்ற கரை இது. மேலும், சென்னைச் சபாக்களின் இசை இக்கரைக்குப் பெரும்பாலும் கருவிகளின் வழியாகவே வந்து சேர்ந்தது. கொழும்பில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு தொடங்கிற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் எழுந்தன. மத்திய அலை உப்புநீரின்மீது எளிதிற் பரவும் இயல்பினது. ஆகவே இராக்காலத்தில் கடல் கடந்த கச்சேரிகள் இக்கரை வீடுகளிலும் ஒலித்தன. 1952ஆம் ஆண்டு இந்திய அமைச்சர் கேஸ்கர் தம் நாட்டு வானொலியிலிருந்து திரைப்பாடல்களை விலக்கியபோது, அந்நாட்டு நேயர் இலங்கை வானொலியை நாடினர். திரைப்பாடல் இங்கிருந்து அங்கே சென்றது. சாத்திரிய சங்கீதம் அங்கிருந்து இங்கே வந்தது. இங்ஙனம் இசையைக் கருவியின் வாயிலாகவே கேட்டுப் பழகிய மக்கள், அக்கருவி இசைக்கு என்ன செய்தது என்று வினவும் கடமை மிகுதியும் உடையவர்.

அவ்வினாவை எழுப்பாது தீர்ப்பு வழங்குவோர் இரு சாரார். பழைய தட்டின் கரகரப்பே தூய்மையின் அடையாளம் என்றும், பின்வந்த இசையெல்லாம் சீரழிவு என்றும் ஒரு சாரார் சாதிப்பர். பழைய பதிவு வெறும் இரைச்சல், இன்றைய பதிவே இசை என்று மறுசாரார் எள்ளுவர். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே. பொறியின் குணத்தைப் பாடியவர்மீது ஏற்றி, அதனையே இசை விமரிசனம் என எண்ணிக்கொள்கின்றனர்.

தொடக்ககாலப் பதிவின் இயல்பை நோக்குக. 1925ஆம் ஆண்டளவில் மின்முறைப் பதிவு தோன்றும்வரை ஒலிவாங்கி இல்லை. பாடகர் புனல் போன்ற ஒரு குழலை நோக்கி உரக்கப் பாடினார். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறிற்று. நொடிக்கு ஏறத்தாழ 250 முதல் 2500 அதிர்வு வரையான ஒலிகளே அதில் நன்கு பதிந்தன. தம்பூராவின் கார்வை மறைந்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி தேய்ந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அம்மூன்று நிமிடத்துள் பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் அடக்க வேண்டியிருந்தமையால் ஆலாபனை குறுகிற்று. சங்கதிகள் எண்ணி வைக்கப்பட்டன. நிரவலுக்கு இடமே இல்லாது போயிற்று. அத்தகைய தட்டைக் கேட்டுவிட்டு, “முன்னோர் சுருங்கப் பாடினர்; விரித்துரைத்தல் பிற்காலத்தார் சேர்த்த அலங்காரம்” என்று முடிவு கட்டுதல், பாதி கிழிந்த ஏட்டைப் படித்துவிட்டுப் புலவன் பாட்டை முடிக்கவில்லை என்று கூறுவதை ஒக்கும்.

சுருதி பற்றிய வாதமும் இத்தகையதே. எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்போர் அவருடைய குரலின் உச்சத்தைக் கண்டு மலைப்பர். ஒலிவாங்கியில்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை எட்ட வேண்டிய குரல் அது. 1926ஆம் ஆண்டு கொழும்பில் அவரைச் சந்தித்த கே. பி. சுந்தராம்பாளின் குரலும் அத்தகைய மேடையில் வளர்ந்ததே. அவ்வுயரம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எத்தனை கட்டை என்று அளந்து உரைப்போர், தட்டு எவ்வேகத்திற் சுழன்றது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது எல்லாக் காலத்தும் எல்லா நிறுவனத்தாரும் தவறாது பேணிய அளவு அன்று. 78 சுற்றுக்குரிய தட்டு 82 அல்லது 83 சுற்றில் ஓடுமாயின் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும்; காலப்பிரமாணமும் விரையும்; குரலோ இளமையடையும். இதனை அறியாது எழுதப்படும் புகழுரை பாடகரைப் பற்றியதா, பொறியின் விசையைப் பற்றியதா?

பொறியின் குறையை அறிந்து கேட்பவனுக்கே பழைய தட்டின் நிறைவும் புலனாகும். வீணை தனம்மாள் (1867–1938) தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் சிலர் சூழ வாசித்தவர். அவ்விசை பேரவைக்கென்று அமைந்ததன்று. முதுமையில் அவர் அளித்த தட்டுகளில் முதலில் ஊசியின் இரைச்சலே முந்துகின்றது. செவி அதனை விலக்கப் பழகிய பின்னர், மீட்டிய நரம்பு ஓய்ந்து செல்லும்போதும் அதன்மேல் கமகம் தொடர்ந்து நிகழ்வது கேட்கின்றது. அவசரமே இல்லாத அசைவு அது. மூன்று நிமிடம் என்னும் கட்டளை வெளியில் நிற்க, வாசிப்பவர் உள்ளத்தில் காலம் விரிந்தே கிடக்கின்றது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர் என்பர். குறுந்தட்டில் எஞ்சும் அவருடைய தோடியோ சில நிமிடமே. ஆயினும் அதன் முதற் பிடியிலேயே இராகம் முழு உருவோடு எழுந்து நிற்கின்றது. மூச்சு எங்கே முடிந்தது என்று அறியக் கூடவில்லை. இப்பதிவுகள் அக்கலைஞரின் ஆற்றலுக்குச் சான்றாகும். அவர்கள் வாசித்த இசையின் அளவுக்குச் சான்றாகா. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கேள்வியறிவு.

பின்வந்த பொறிகள் இசையைக் கெடுத்தன என்னும் வாதம் இதனினும் வலிகுன்றியது. 1948ஆம் ஆண்டு தோன்றிய நெடுந்தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடமளித்தது. ஒலிநாடா ஒரு கச்சேரி முழுவதையும் ஏந்த வல்லதாயிற்று. மதுரை மணி ஐயரின் சுரக் கோவைகளை அவை நிறைந்த மகிழ்ச்சியோடு இன்று கேட்க முடிவது நாடாவின் கொடையே. எம். டி. ராமநாதனின் (1923–1984) ஆழ்ந்து தாழ்ந்த குரலும், ஒவ்வொரு சொல்லுக்கும் இடம்விட்டு நகரும் விளம்ப நடையும், ஒலிவாங்கி இன்றேல் பேரவையின் பாதித் தொலைவையும் எட்டியிரா. குழலை நோக்கிக் கூவ வேண்டிய காலத்தில் அவர் பிறந்திருப்பின், அக்குரலைத் தட்டில் ஏற்ற எவரும் முன்வந்திருப்பாரோ? ஆதலின் புதிய பொறி சில நயங்களை மறைத்தது போலவே, பழைய பொறி தடுத்த வேறு சிலவற்றை வெளிக்கொணர்ந்தது என்பதே நேர்மையான முடிவு.

எம். எஸ். சுப்புலட்சுமியின் பதிவுகள் இதனை ஒரே குரலில் விளக்குவன. பத்து வயதளவில், 1926ஆம் ஆண்டு தட்டிற் பாடிய சிறுமியின் குரல் நெருக்குண்டு, கூர்மையாய், ஓட்டமாய் ஒலிக்கின்றது. 1963ஆம் ஆண்டின் வேங்கடேச சுப்ரபாதத்தில் அக்குரல் அகன்று, நிறைந்து, எழுத்தெழுத்தாய்த் தெளிந்து வருகின்றது. இவ்வேறுபாட்டில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு, ஒலிவாங்கியின் பங்கு எவ்வளவு என்று பகுத்துக் காண்பதே விமரிசனத்தின் பணி. இன்றைய எண்முறைப் பதிவில் இப்பணி மேலும் அரிது. பல தடவை பாடியவற்றை வெட்டி ஒட்டவும், பிசகிய சுரத்தைத் திருத்தவும், இல்லாத மண்டபத்தின் எதிரொலியைச் சேர்க்கவும் இயலும். பழைய தட்டு குறைத்துக் காட்டிற்று. புதிய பதிவு கூட்டிக் காட்டவும் கூடும்.

“இசை கேட்டு இன்புறுதற்குரியது, அதற்குச் சுவடிப் பதிப்பு நெறி எதற்கு?” என்று சிலர் வினவுவர். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பதிப்பித்தமையால் சங்கச் செய்யுளின் இன்பம் குறைந்ததா, பெருகிற்றா? எழுதுவோன் கைப்பிழையையும் கறையான் அரித்த இடத்தையும் அறியாமல் ஏட்டைப் படிக்கலாகாது என்பது அவர்கள் நிறுவிய நெறி. தட்டின் சுழற்சியும் பக்கத்தின் நீளமும் ஒலிவாங்கியின் தன்மையும் பதிவுக்குரிய கைப்பிழையும் கறையானும் ஆகும். அந்நெறியை இங்குக் கைக்கொள்ள மறுப்பதற்கு அறிவுசார்ந்த காரணம் எதுவும் இல்லை.

இம்மறுப்பின் விளைவு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கோயில் வாயில் வரை வந்துவிட்டது. பதிவும் இசையும் ஒன்றே என்று நம்பியதன் பயனாக, நாதசுரமும் தவிலும் ஒலிக்க வேண்டிய வேளையில் ஒலிபெருக்கியும், மின்விசையால் தானே அடிக்கும் மணியும் முரசுமே போதும் என்னும் மனநிலை இலங்கைக் கோயில்கள் பலவற்றிற் பரவியுள்ளது. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் எழும் மல்லாரி, திருவடி தாங்குவோரின் நடையைக் கண்டு நீளும், அவர்கள் தயங்கின் தயங்கும், திரும்புமிடத்தில் திரும்பும். முன்னேசுவரத்துப் பெருந்திருவிழாவிலோ உடப்புத் திரௌபதை அம்மன் விழாவிலோ கூடும் மக்கள் அசைவைப் பார்த்து வாசிக்கும் கண் ஒலிபெருக்கிக்கு இல்லை. தட்டைச் சரியாக மதிக்கக் கற்றவன் அதனை நாதசுரக்காரரின் இருக்கையில் ஒருபோதும் அமர்த்தான்.

மறுபுறத்தில், பதிவு செய்ய வேண்டியவற்றைப் பதிவு செய்யாது விடுவதும் இவ்வலட்சியத்தின் கூறே. தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டு மறைந்தார். பின் பிறந்தோர்க்கு அவர் கைவண்ணம் எஞ்சிய நாடாக்களில் மட்டுமே உண்டு. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கரையில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல, கடந்த நூற்றாண்டில் சிங்களத்தைத் தம் மொழியாகக் கொண்டன. அவ்வீடுகளின் பாட்டிமார் பாடிய தாலாட்டின் ஓசையை எந்நூலும் திருப்பித் தராது. 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளக் கரையில் தஞ்சமடைந்த முசுலிம் மக்கள், உடைமைகளை விட்டு நினைவை மட்டும் சுமந்து வந்தவர்கள். அந்நினைவிலுள்ள பாட்டும் முதியோரோடு முடிந்துபோகும். உடப்பிற் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலின் சொற்களை அச்சிடலாம். ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் இழுவையின் விசைக்கேற்ப ஏற்றுப் பாடும் தாளத்தை அச்சு ஏந்தாது.

ஆகவே பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் நூல்நிலையத்துக்கு இணையாக ஒலிநிலையம் அமைத்தல் வேண்டும். வீடுகளில் முடங்கிய தட்டுகளைப் பூசணம் அரிக்கின்றது. கடற்காற்றின் ஈரம் நாடாவின் பூச்சை உரிக்கின்றது. அவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பதிவான ஆண்டு, இடம், சுழல்வேகம், பாடியவர், உடன் வாசித்தவர் முதலியவற்றைக் குறித்துவைத்தல் முதற்பணி. ஒரே கிருதியின் வெவ்வேறு காலப் பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கும் பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது அடுத்தது. வாழும் நாதசுரக் குடும்பங்களையும் அம்பாப் பாடகரையும் முழுநீளமாகப் பதிவு செய்து, அவர்களுக்குரிய ஊதியத்தையும் தருதல் மூன்றாவது. இவை எவையும் பெரும் பொருட்செலவின. முடியாதன என்று கூற இயலாது. இன்று ஒரு மாணவன் கையிலுள்ள தொலைபேசியே 1902ஆம் ஆண்டின் குழலினும் பன்மடங்கு வல்லது.

அழிந்துபோன யாழின் ஒலியைத் தேடி அடிகளார் முதுமையிலும் நோயிலும் உழைத்தார். அழியாது எஞ்சியிருக்கும் ஒலியைக் காக்கவும் முறைப்படி கேட்கவும் இத்தலைமுறை சோம்புமாயின், வருங்காலத்தார் மீண்டும் எழுத்துகளைத் துருவி ஓசையைத் தேட நேரும். அப்பழியை ஏற்கத் தமிழ்க் கல்வியுலகம் ஆயத்தமாக உள்ளதா?