அடைமழையில் உயர்தரப் பரீட்சை: இனியும் வேண்டாம்

டித்வா புயலால் இடைநிறுத்தப்பட்ட 2025 உயர்தரப் பரீட்சை 2026 ஜனவரி 12ஆம் திகதி மீண்டும் ஆரம்பமாகும் என அறிவித்தார்கள். கண்டி மாவட்டத்துக் கெலிஓயாவில் வெள்ளம் புகுந்த வீடுகளை அப்போது கழுவிக்கூட முடிந்திருக்கவில்லை. பல மாதங்கள் எழுதிச் சேர்த்த குறிப்புகளைச் சேற்றில் இழந்த பிள்ளைகள் மறுபடியும் படிக்க உட்கார வேண்டியிருந்தது.

புதிய திகதியில் நமக்கு ஆட்சேபம் இல்லை. பரீட்சையை நவம்பர் 10 முதல் டிசம்பர் 5 வரை நடத்த அதிகாரிகள் தீர்மானித்தார்களே, அதுதான் மன்னிக்க முடியாதது.

2024இலும் இதுவே நடந்தது. நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சை, பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கொட்டிய அடைமழையால் 27ஆம் திகதி நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கியது. ஓராண்டு கழித்து, 2025இல், அதே மாதம், அதே 27ஆம் திகதி, டித்வாவால் பரீட்சை மறுபடியும் நின்றது. முதல் முறை நேர்ந்ததை இயற்கையின் சீற்றம் என்று ஏற்றுக்கொண்டோம். இரண்டாவது முறைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

வங்காள விரிகுடாவில் நவம்பரில் புயல் உருவாவது புதுச் செய்தியல்ல. மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி 1978 நவம்பர் 23ஆம் திகதி வந்தது. இம்முறை டித்வாவுக்குச் சில நாட்கள் முன்னரே, நவம்பர் 22ஆம் திகதி, பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து உயிர்களைப் பறித்தது. மண் ஊறிப்போய்விட்டது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அதன் பின்னரும் பரீட்சை தொடர்ந்தது.

கொழும்பிலிருந்து பார்த்தால் பரீட்சை நிலையம் என்பது பட்டியலில் ஓர் இலக்கம். கண்டி மாவட்டத்தின் தெனுவர கல்வி வலயத்துப் பிள்ளைக்கு அது தவுலகலையிலிருந்தோ ஹந்தெஸ்ஸையிலிருந்தோ வெலம்பொடையிலிருந்தோ பஸ் பிடித்துப் போய்ச் சேர வேண்டிய இடம். கண்டி–கம்பளை வீதி நீரில் மூழ்கினால் அந்தப் பயணம் இல்லை. மலையக ரயில் பாதையும் சிதைந்துபோனது. டித்வாவில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் கண்டி. உறவினரை அடக்கம் செய்த வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை ஜனவரியில் பரீட்சைக்குப் போக வேண்டியிருந்தது. பாடசாலைகள் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயின. ஊரார் சமைத்துக் கொடுத்தார்கள், இளைஞர்கள் சேறு அள்ளினார்கள். ஊர் தன் கடமையைச் செய்தது. திகதி குறித்தவர்கள் செய்தார்களா?

கல்வி அதிகாரிகளின் பழைய கணக்கும் நீளமானது. 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒன்றாக்கிப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. 2024 ஜனவரியில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியே கசிந்து, மறுபடி எழுத வைத்தார்கள். அதே ஆண்டு ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று வினாக்கள் கசிந்தன. எல்லோருக்கும் அம்மூன்றுக்கும் புள்ளி வழங்குமாறு டிசம்பர் 31ஆம் திகதி நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் விசாரணை, அறிக்கை, உறுதிமொழி. ஒவ்வொரு தடவையும் விலை கொடுத்தது பிள்ளைகள்.

ஒரு காலத்தில் ஓகஸ்ட்டில் நடந்த பரீட்சை, கொரோனாவுக்குப் பின் பெப்ரவரி, ஜனவரி, நவம்பர் என்று அலைக்கழிகிறது. பெருந்தொற்றின் தாமதத்தை ஈடுசெய்யும் அவசரம் புரிகிறது. அந்த அவசரத்துக்காக மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் பேரைப் புயல் மாதத்தில் வீதிக்கு இறக்குவதை ஏற்க முடியாது.

பரீட்சை நாட்காட்டி மழையையும் மலையையும் அறிந்து வகுக்கப்பட வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களமும் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் திகதி குறிக்கும் மேசையில் இருக்க வேண்டும். மலைநாட்டு அதிபர்களையும் பெற்றோரையும் கேட்க வேண்டும். அடுத்த நாட்காட்டி வெளியாகும் முன் இது நடந்தாக வேண்டும். இன்னொரு நவம்பருக்குப் பிறகு அல்ல.