ஓய்வு மருந்தாகாது

நுரையீரல் தமனி உயர் அழுத்தம் உள்ளவர்கள் உடற்பயிற்சியை அறவே தவிர்க்க வேண்டும் என்ற வாதம், பாதி உண்மையை முழுத் தடையாக்குகிறது. குறுகிய தமனிகளுக்குள் இரத்தத்தைத் தள்ளும் வலது இதயக் கீழறை, நடை வேகமெடுத்தால் திணறுகிறது. மூச்சிரைப்பும் தலைசுற்றலும் அதனால்தான். அதுவரை சரி. ஆனால் இந்நோயில் கால் தசைகளும் மூச்சுத் தசைகளும்கூடத் தளர்கின்றன. படுத்தே கிடந்தால் அந்தத் தளர்ச்சி முற்றும்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் 30 நோயாளிகள் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு முதல் 3 வாரம் மருத்துவமனையில், அடுத்த 12 வாரம் வீட்டில் பயிற்சி. நடைகூடத்தில் முன்னும் பின்னுமாக நடக்கவைத்துத் தூரத்தை அளக்கும் ஆறு நிமிடச் சோதனையில், பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 96 மீட்டர் கூடுதலாக நடந்தனர்; பெறாதவர்களின் தூரம் 15 மீட்டர் குறைந்தது. சிறிய ஆய்வுதான். எனினும் அச்சத்தை மட்டுமே ஆதாரமாகக் காட்டும் தரப்பிடம் அந்த அளவுகூட இல்லை.

மூச்சை அடக்கி எடை தூக்குவது ஆபத்து; மயங்கி விழுபவர்களுக்கு முதல் தேவை சிகிச்சை. மருந்தால் நிலைப்பட்டவர்களுக்கு மேற்பார்வையுடன் பயிற்சி வேண்டும் என்றே 2022இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.