இரக்கம் எனும் இகழ்ச்சி

உருவத்தைக் கண்டு எவரையும் இகழலாகாது என்பதைத் தேரின் அச்சாணியை உவமையாக்கி, வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வலியுறுத்துகிறார். அக்குறளை மனனம் செய்யாத தமிழ் மாணவர் அரியர். ஆயினும், அம்மாணவர் படிக்கும் சிறுகதைகளுள் பல அதற்கு நேர்மாறான பாடத்தையே புகட்டுகின்றன. அதிலும் கொடுமை, உருவத்தை இகழும் போக்கைக் கண்டிக்கப் புறப்பட்ட கதைகளே இதனைச் செய்வதுதான்.

அத்தகைய கதையின் போக்கு யாவரும் அறிந்ததே. நாயகி கறுத்த நிறத்தவள். பெண் பார்க்க வந்தோர் பலகாரம் உண்டுவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுகிறோம்' என்று எழுந்து செல்கின்றனர். தாய் கண்ணீர் வடிக்கிறாள். இறுதியில் பரந்த உள்ளம் படைத்த இளைஞன் ஒருவன் தோன்றி, 'புற அழகு எனக்கு வேண்டாம். அக அழகே போதும்' என்கிறான். கதை முடிகிறது. சீர்திருத்தக் கதையென்று பாராட்டும் கிடைக்கிறது.

இதில் சீர்திருத்தம் எங்கே இருக்கிறது? அவளுக்குப் புற அழகு இல்லை என்னும் தீர்ப்பை வந்துபோனவர்கள் வழங்கினர். அவ்விளைஞனும் அதையே வழங்குகிறான். கதாசிரியர் அதற்குக் கையொப்பமிடுகிறார். முன்னவர் தள்ளினர், பின்னவன் ஏற்றான் என்பதைத் தவிர வேறுபாடில்லை. கறுப்பு அழகன்று என முடிவு செய்தவர் யார் என்னும் வினா எழவேயில்லை. அவள் அவனை விரும்பினாளா என்றும் எவரும் கேட்கவில்லை. கறுத்த பெண், வந்தவனுக்கு நன்றி சொல்லவே பிறந்தவள் போலும்!

'கறுப்பாக இருந்தாலும் களையான முகம்' என்று வருணிப்போரும் உளர். அந்த 'இருந்தாலும்' என்னும் ஒரு சொல்லில் நூற்றாண்டுகளின் இழிவு அடங்கிக் கிடக்கிறது. வட்டிக்காரனுக்கும் அடியாளுக்கும் தழும்பு முகமும் தடித்த உதடும். நல்லவருக்கு எடுப்பான மூக்கும் சிவந்த மேனியும். மனித குணத்தைத் தோலின் மேல் எழுதிக் காட்டுவது கலையாகுமா?

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சன் 1843இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையைச் சிறுவர்களும் அறிவர். இகழப்பட்ட உயிரின் துயரை உருக்கமாகக் காட்டும் அக்கதையிலும் விடிவு எப்போது வருகிறது? குஞ்சு அழகிய அன்னமாக வளர்ந்த பின்னரே. அழகற்ற வாத்து, அழகற்ற வாத்தாகவே வளர்ந்திருப்பின் அதன் கதி என்ன?

இதற்கு விடை கூறும் சிறுகதை தமிழிலேயே இருக்கிறது. 1950களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றி, மலாயாவின் இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டிய கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் கதையே அது. மழையில் நடுங்கி நிற்கும் சிரங்கு பிடித்த அனாதைச் சிறுவனைத் தாயம்மாள் என்னும் ஏழைத் தாய் தன் குடிசைக்குள் அழைக்கிறாள். தீபாவளியன்று தன் பிள்ளைகளோடு அவனையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென வாங்கிய புதுத்துண்டை அவனுக்கு உடுத்துகிறாள். அவன் இளவரசனாக மாறவில்லை. சிரங்கு மாயமாய் மறையவில்லை. அவனுடைய மறைந்த சிறப்பு எதுவும் வெளிப்படவுமில்லை. அவன் குழந்தை, அதுவே போதுமான தகுதி. அதனாலன்றோ அவ்வீட்டில் அவன் மெய்யாகவே ராஜாவாகிறான்!

'உலகில் உள்ளதைத்தானே எழுதுகிறோம்?' என எழுத்தாளர் சிலர் வினவலாம். உள்ளதை எழுதட்டும். மாமியார் நாவில் வசை இருக்கட்டும். தெருவார் வாயில் ஏளனம் இருக்கட்டும். ஆனால், கதை சொல்லும் குரல் அவ்வசைக்குத் துணைபோகலாகாது. பாத்திரத்தின் வெறுப்பு சமூகத்தைக் காட்டும். ஆசிரியரின் வெறுப்போ வாசகரைக் கெடுக்கும்.

இப்பொறுப்பு தமிழாசிரியர்க்கும் உண்டு. வகுப்பில் இத்தகைய கதை உரக்கப் படிக்கப்படும்போது, கறுத்த மாணவி ஒருத்தி தலைகுனிந்து அமர்ந்திருக்கக்கூடும். அவளுக்காக அனைவரும் இரங்க வேண்டும் என்று அக்கதை சொல்கிறது. எதற்காக இரங்குவது? அவளிடம் என்ன குறை? இவ்வினாவை அதே வகுப்பில் எழுப்பும் ஆசிரியரே அக்குறளை உண்மையில் கற்பித்தவராவார். அவள் நிமிர்ந்து அமர்ந்து படிக்கத்தக்க கதைகளைப் படைப்பதே எழுத்தாளர் கடன்.