டாங்கியின் மேல் உட்காருகிறவர் யார்?

சம்பளம், போனஸ், வீட்டுரிமை என்று எழுத எத்தனையோ விஷயங்கள் கிடக்கும்போது, ஒரு பழைய பிக்கப் வண்டியின் எண்ணெய் டாங்கிக்காகவா சங்கப் பத்திரிகையில் இடம் ஒதுக்குவது என்று தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் அந்த வண்டியின் பின்தட்டில் ஏறி நிற்கிறவர்கள் நம்மவர்கள். ஸ்டீரிங்கைப் பிடிக்கிறவர் நம்மவர். டாங்கி ஒழுகினால் பட்டறைச் சீட்டு எழுதுகிறவர்களும் கிராணிகளாகிய நாமே. ஒரே வண்டி, ஒரே டாங்கி. ஒரு வருஷத்தில் மூன்று முறை "ஒட்டுக் கூலி" என்று சீட்டு எழுதிய பிறகும் அதைப் பற்றிப் பேசாமலிருந்தால் நாம் எதற்குச் சங்கத்தில் இருக்கிறோம்?

சிம்பாங் அம்பாட்டிலிருந்து புக்கிட் தம்புன், பத்து காவான் வரையில் ஒரு காலத்தில் தோட்டமும் காடுமாக இருந்த நிலம் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புகளுமாக மாறிவிட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு ரோட்டில் வண்டிப் போக்குவரத்து எப்படிப் பெருகிற்று என்பதை இங்கே வாழ்கிற நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் ரப்பர் காடுகளும் செம்பனைக் காடுகளும் துண்டு துண்டாக நிற்கின்றன. ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்கு ஆளையும் கட்டிப்பாலையும் உர மூட்டையையும் ஏற்றிப்போகும் பழைய வண்டி, கண்டெய்னர் லாரிகள் பறக்கும் ரோட்டைக் குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும். சைக்கிளும் மாட்டு வண்டியும் போன ரோட்டுக்குச் செய்த வண்டி அது. இடிபட்டால் என்ன ஆகும் என்று அன்று கணக்குப் பார்த்தவர்கள் வேறு, இன்று இடிக்கப்போகிற வண்டிகள் வேறு.

பழைய வண்டி என்றாலே நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளியே காட்டப்பட்ட வண்டி. அதே ஆண்டில் இங்கே அவசரகாலம் பிறந்தது. துரைமார் இரும்புத் தகடு அடித்த வண்டிகளில் தோட்டத்தைச் சுற்றினார்கள். பிறகு அந்த வண்டிகள் கைமாறிக் கைமாறிக் காய்கறி ஏற்றவும் ரப்பர் பால் ஏற்றவும் வந்தன. கேமரன் மலைக்குப் போனால் இன்றும் பழைய லேண்ட் ரோவர்கள் கோஸ் மூட்டையோடு மேட்டில் ஏறுவதைக் காணலாம். உறுதியான வண்டி என்பதை நாம் மறுக்கவில்லை. அலுமினியத் தகடு துருப்பிடிக்காது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டச் சாதாரணக் கருவிகளே போதும்.

ஆனால் டாங்கி எங்கே இருக்கிறது தெரியுமா? வலது பக்கத்து ஆசனத்துக்கு நேர் கீழே. நம் நாட்டில் வலது பக்கம் என்றால் டிரைவர். பத்து காலன், அதாவது ஏறத்தாழ 45 லிட்டர் பெட்ரோலின் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் வண்டி ஓட்டுகிறார். பழைய மாடல்களில் எண்ணெய் ஊற்றுவதற்கே டிரைவர் எழுந்து நின்று ஆசனத்தைத் தூக்க வேண்டும். 1958-இல் வந்த இரண்டாவது வரிசை வண்டியில்தான் ஊற்றும் வாய் வெளிப்பக்கத்துக்குப் போயிற்று. வாய் போயிற்றே தவிர டாங்கி அங்கேயே இருந்தது.

மேலே அலுமினியம், டாங்கியோ இரும்புத் தகடு. காட்டுப் பாதையின் சேறு டாங்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே புகுந்து காயாமல் கிடந்து வெளியிலிருந்து அரிக்கிறது. பாதி காலியாக நிற்கும் டாங்கியில் இரவுக் குளிருக்கு வியர்க்கும் நீர், பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கி உள்ளிருந்து அரிக்கிறது. மழைக்குப் பஞ்சமில்லாத நம் வட்டாரத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் ஓட்டை விழுவதற்கு ஜோசியம் பார்க்கவேண்டியதில்லை.

ஓட்டை விழுந்ததும் நிர்வாகத்தார் செய்வது என்ன? முதலில் சோப்புக் கட்டியைத் தேய்க்கச் சொல்வார்கள். பிறகு பசை. அதற்கும் நிற்காவிட்டால் பட்டறைக்கு அனுப்பி வெல்டிங் போடச் சொல்வார்கள். இந்த இடத்தில் நாம் சற்று நின்று பேசியாகவேண்டும், ஏனெனில் உயிர் போகிற இடம் இதுதான். எண்ணெயைக் கொட்டிவிட்டோம், டாங்கி காலி, இனி பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிரானது. திரவமாக இருக்கும் பெட்ரோல் வெடிப்பதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்தால்தான் வெடிக்கிறது. நூறு பங்கில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை ஆவி இருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டாங்கியில் அந்தக் கலவைக்கு இடமே இல்லை. காலி டாங்கியில் இடம் தாராளமாக இருக்கிறது. தண்ணீர் விட்டு அலசினாலும் மடிப்பிலும் துருவிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், வெல்டிங் சூடு பட்டதும் மறுபடி ஆவியாக எழும். இதைச் சரியாகச் செய்ய வழி உண்டு. நீராவியால் நெடுநேரம் கழுவி, எரியாத வாயுவை நிரப்பி, சோதித்துப் பார்த்துவிட்டு வேலை செய்கிற பட்டறைகள் உண்டு. தோட்டத்துக் கொட்டகையில் அந்த வசதி ஏது? அங்கே நிற்கிற பையனுக்குக் கண்ணாடியாவது கொடுத்திருக்கிறார்களா?

வெல்டிங்குக்கும் செலவாகும் என்று நினைக்கிறவர்கள் கண்டுபிடித்த இன்னொரு வைத்தியம், பிளாஸ்டிக் தோம்பு. ஆசனத்துக்குப் பின்னாலோ பின்தட்டிலோ ஒரு தோம்பைக் கயிற்றால் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயை எஞ்சினுக்கு இழுத்துவிடுவது. உயரத்திலிருந்து எண்ணெய் தானாகவே இறங்கும். குழாய் கழன்றாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், சூடான எஞ்சின் மேலே. பின்தட்டில் அந்தத் தோம்பின் மேல் சாய்ந்துகொண்டு பீடி பற்றவைப்பவர் யார் என்பதையும் தோழர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குழாய் என்றதும் ரப்பர்க்காரர்களாகிய நமக்கு ஒரு சங்கதி. நாம் வெட்டுகிற மரத்தின் பாலில் செய்த ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பிக் கொழகொழத்துப்போகும். பழைய டியூபை அறுத்துக் குழாய்க்கு இணைப்பாகக் கட்டுவதும், தண்ணீர்க் குழாயை எண்ணெய்க்குப் போடுவதும் சில மாதங்களில் ஒழுகுவதற்கு இதுவே காரணம். எண்ணெயைத் தாங்குவது 1930-களில் ஜெர்மனியில் செய்யப்பட்ட நைட்ரில் என்னும் செயற்கை ரப்பர். எண்ணெய்க் குழாய் என்று எழுதி விற்கிற குழாயைத்தான் போட வேண்டும். நம் மரத்துக்கு இதில் தோல்விதான். டயரில் அது ஜெயித்துக்கொள்ளட்டும்.

சரி, டாங்கியை ஆசனத்தின் அடியிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டால் என்ன என்று விவரம் தெரிந்த டிரைவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அமெரிக்காவில் பழைய செவ்ரொலெட் பிக்கப்களில் டாங்கி டிரைவர் அறைக்குள்ளேயே, ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். 1940-களின் கடைசியிலிருந்து 1972 வரை அப்படித்தான். அந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் இன்று டாங்கியைக் கழற்றிப் பின்தட்டின் கீழே கொண்டுபோகிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனியே ஒருமுறை இடம் மாற்றிப் பார்த்த கதையைக் கேளுங்கள். 1973 மாடலில் டாங்கியை அறையிலிருந்து வெளியே எடுத்து, சட்டத்துக்கு வெளிப்புறமாகப் பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள். டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்து வண்டி இடித்தால் முதலில் நசுங்குவது டாங்கி என்றாயிற்று. பலர் தீயில் மாண்டார்கள், வழக்குகள் குவிந்தன. 1994 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்து மந்திரி இதைக் குறைபாடு என்று முதற்கட்டமாக அறிவித்தார். அதே டிசம்பரில், வண்டிகளைத் திரும்ப அழைக்காமலே, 5 கோடி டாலருக்கு மேல் பாதுகாப்புப் பணிகளுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு கம்பெனி விஷயத்தை முடித்துக்கொண்டது.

இதே விவகாரத்தில் என்.பி.சி. தொலைக்காட்சி 1992-இல் ஒரு மோதலைப் படமெடுத்துக் காட்டியது. தீ கட்டாயம் பற்றவேண்டும் என்று வண்டியின் அடியில் பொறி மருந்தைக் கட்டி வைத்திருந்தது வெளிப்பட்டு, 1993-இல் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று. நியாயமான புகாரை ஒரு பொய் எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நம் கிளைக்காரர்கள் மனு எழுதும்போது இதை மனத்தில் வைப்பது நல்லது.

பின்னச்சுக்குப் பின்னால் வைத்தாலும் தொல்லைதான். ஃபோர்டு கம்பெனியின் பின்டோ என்னும் சிறு காரில் அப்படி வைத்து, பின்னாலிருந்து இடிபட்டுத் தீப்பிடித்ததால், 1978-இல் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இன்று பெரும்பாலான வண்டிகளில் டாங்கி பின்னச்சுக்கு முன்னால், சட்டங்களின் நடுவே இருக்கிறது. எந்தப் பக்கம் இடித்தாலும் டாங்கிக்கு முன் வேறொன்று அடி வாங்க வேண்டும் என்பதே அதிலுள்ள கணக்கு.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. ஒழுகுகிற டாங்கியை ஒட்டாதே, மாற்று. லேண்ட் ரோவருக்கு அதே அளவில் புதிய டாங்கிகள் இன்றும் செய்து விற்கப்படுகின்றன. கிடைக்காது என்ற சாக்கு செல்லாது. இடத்தை மாற்றுவதானால் முறையாக மாற்ற வேண்டும்: கெட்டியான பட்டைகள், பட்டைக்கும் டாங்கிக்கும் நடுவே மெத்தை, ஆவி வெளியேறும் குழாய், கவிழ்ந்தாலும் கொட்டாத மூடி, எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தூரம். அதோடு சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்ற முடியாது.

அனுமதியைச் சின்ன விஷயம் என்று நினைக்கக்கூடாது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறிற்று. அதற்கு முன்பும் சரி பின்பும் சரி, மலிவு எண்ணெயைக் கடத்துவதற்காக ரகசிய டாங்கி வைத்த லாரிகள் பிடிபட்டதைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். காகிதமில்லாமல் பின்தட்டில் ஒரு டாங்கி இருந்தால் அதிகாரிக்கு வரும் முதல் சந்தேகம் என்னவாக இருக்கும்? ரோட்டில் நிறுத்தப்படுகிறவர் மானேஜர் அல்ல, டிரைவர். மாற்றச் சொன்னவர் "நான் சொல்லவேயில்லை" என்று விட்டால் அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்?

செலவைச் சொல்லி நிர்வாகத்தார் தயங்குவார்கள். மூன்று ஒட்டுக் கூலியும், வண்டி நின்ற நாட்களும், ஒழுகிப்போன எண்ணெயும் சேர்ந்தால் எவ்வளவு என்று எந்தக் கிராணியும் ஒரு மத்தியானத்தில் கூட்டிக் காட்டிவிடலாம். வண்டி எரிந்தால் ஆகும் கணக்கை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

திருத்தப்பட்ட தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்குத் தொழிலாளிக்கு நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. தெரிவிப்பது என்பதுதான் இதில் முக்கியம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஆசனத்தடியில் பெட்ரோல் வாடை வந்தால், வண்டி நம்பர், தேதி, ஒழுகும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆபீசில் கொடுத்து, வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத தோழருக்கும், மொழி புரியாமல் தவிக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழருக்கும் அந்தத் தாளை எழுதிக்கொடுப்பது கிராணிமாரின் பொறுப்பு. நகல்களை அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.