உள்ளே இருந்தால் பூட்டு வேண்டாமா?

"ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் ஓடும் ஆப்தானே, லாகின் எதற்கு?" என்று வாதிடுபவர்களுக்கு 2017 மே மாதத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அப்போது பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்ததும் அதே நெட்வொர்க்கில் இருந்த மற்றவற்றுக்கும் தானாகவே பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் ரத்தாயின. ஆம்புலன்ஸ்கள் வேறு இடங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

192.168 என்று தொடங்கும் முகவரியை இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்துபோகிறவர்களுக்கும் அதே வைஃபை பாஸ்வேர்டைத்தானே கொடுக்கிறீர்கள்? பைத்தானின் ஃப்ளாஸ்க் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய சம்பள ஆப்பை, நெட்வொர்க்கில் உள்ள எல்லோரும் எட்டும்படி 0.0.0.0 என்று போட்டு ஓடவிட்டால், அந்த வைஃபையில் சேரும் எந்த போனிலும் சம்பளப் பட்டியல் திறக்கும். டீபக் மோடையும் அணைக்காமல் விட்டால் பிழை காட்டும் பக்கத்திலேயே பைத்தான் கட்டளைகளை ஓட்டலாம். நடுவில் நிற்பது ஒரு பின் எண் மட்டும்தான். தன்னோடு வரும் டெவலப்மென்ட் சர்வரை நிஜப் பயன்பாட்டுக்கு வைக்காதீர்கள் என்று ஃப்ளாஸ்கே ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது. அதைப் படித்துவிட்டும் கடந்துபோவது பொறுப்பின்மை.

செலவு என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. ஆப்புக்கு முன்னால் நின்று பாஸ்வேர்டு கேட்கக்கூடிய என்ஜின்எக்ஸ் சர்வர் இலவசம். விருந்தினருக்கான தனி வைஃபை வசதி பல ரவுட்டர்களில் ஏற்கெனவே இருக்கிறது. லாகின் இல்லாமல் ஓடும் ஆப்பை இன்றே நிறுத்துங்கள். பூட்டுப் போட்ட பிறகு திறந்துவிடுங்கள்.