பெண்களுக்குத் தனிப் பட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜூலையில் ஜார்ஜியா நாட்டின் பதுமி நகரில் மகளிர் உலகக் கோப்பை செஸ் இறுதிப் போட்டி நடந்தது. மோதிய இருவருமே இந்தியர்கள். 38 வயது கோனேரு ஹம்பியை 19 வயது திவ்யா தேஷ்முக் டைபிரேக்கரில் வென்றார். அதைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உடனே ஒரு கேள்வி: "செஸ் மூளை விளையாட்டுதானே, பெண்களுக்கு எதுக்குத் தனிப் பட்டம்? அவங்களால முடியாதுன்னுதானே அர்த்தம்?" அதற்கு நாலு பேர் கைதட்டல் வேறு!

முடியாது என்று யார் சொன்னது? ஹங்கேரியின் ஜூடித் போல்கர் மகளிர் உலகப் பட்டத்துக்கு ஆடியதே இல்லை. ஆண்களோடு ஆடியே உலகத் தரவரிசையில் 8-ஆம் இடம் வரை வந்தார். 2002-இல் ரேபிட் ஆட்டம் ஒன்றில் காஸ்பரோவையே வென்றார். அந்த வீட்டில் மூன்று பெண்களுக்கும் சிறு வயதிலிருந்தே செஸ்தான் படிப்பு.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன ஆசிரியர்களைக் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பத்தாம் வகுப்பில் தேடித்தான் பிடிக்க வேண்டும். "பொதுத்தேர்வு இருக்கு டீச்சர்", "வெளியூருக்குக் கூட யார் போறது டீச்சர்?" தம்பிக்கு மட்டும் பொதுத்தேர்வு கிடையாதா? அவனைத் திருத்தணியில் ரயில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப் போக அப்பாவுக்கு லீவு கிடைக்கிறதே!

பிரக்ஞானந்தாவைக் கொண்டாடுகிறோம். சந்தோஷம். ஆனால் அந்த வீட்டில் முதலில் செஸ் கற்றது அக்கா வைஷாலி. அவரைப் பார்த்துத்தான் தம்பி ஆட வந்தார். வைஷாலி 2023-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023, 2025 என இரண்டு முறை மகளிர் கிராண்ட் சுவிஸ் வென்றார். பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போனவர் அம்மா நாகலட்சுமி. கூட யார் போவது என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

"கல்யாணம் ஆனா எல்லாம் முடிஞ்சிடும்" என்கிற அத்தைமார்களுக்கும் ஒரு தகவல். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஹம்பி 2017-இல் தாயானார். 2019-இல் உலக ரேபிட் சாம்பியன். 2024-இல் மறுபடியும் அதே பட்டம்.

தனிப் பட்டம் பெண்ணின் மூளைக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. பாதியில் நிறுத்தப்படும் பிள்ளைகள் ஏறி வர ஒரு படிக்கட்டு. பொதுப் பிரிவில் ஆடவும் அவர்களுக்குத் தடை இல்லை. பணத்தையும் பாருங்கள். 2024-இல் குகேஷ் ஆடிய உலகப் பட்டப் போட்டிக்குப் பரிசு 25 லட்சம் டாலர். 2025-இல் ஜூ வென்ஜுன், டான் சோங்யி மோதிய மகளிர் பட்டப் போட்டிக்கு 5 லட்சம் யூரோ. கால் பங்குகூட இல்லை. இதையும் பிடுங்கிவிட்டால் எந்த அப்பா மகளைச் செஸ்ஸுக்கு அனுப்புவார்?

பெண் பிள்ளை பெற்ற என் மாணவர்களே, பத்தாம் வகுப்பு வந்ததும் செஸ் போர்டைப் பரணில் போடாதீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கொடுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். கே.ஜி.கண்டிகையில் ஓய்வாகத்தான் இருக்கிறேன், நான் வருகிறேன்.