மூன்று இலட்சம் கண்ணாடித் துண்டுகள்

ஜொகூர் பாருவில் ஜாலான் தெப்ராவை ஒட்டிய ஒரு சிறு சந்தில் அருள்மிகு ஸ்ரீ இராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம் அமைந்துள்ளது. 1922ஆம் ஆண்டில் எளிய குடிலாகத் தொடங்கிய இவ்வாலயம், 2009ஆம் ஆண்டில் கண்ணாடி ஆலயமாக உருமாறியது. சுவர், தூண், விதானம் என எங்கு நோக்கினும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஊதா, வெள்ளை நிறக் கண்ணாடித் துண்டுகள் மின்னுகின்றன. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 300,000. நாட்டின் முதல் கண்ணாடி ஆலயமாக மலேசியச் சாதனைப் புத்தகம் 2010இல் இதனைப் பதிவு செய்தது.

இங்கு வரும் சுற்றுப்பயணிகள் பலரும் செய்வது ஒன்றே. வாயிலில் நின்று வியக்கின்றனர், திறன்பேசியை உயர்த்துகின்றனர், பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுக்கின்றனர், அடுத்த இடத்திற்குப் புறப்பட்டு விடுகின்றனர். படம் எடுப்பதில் தவறில்லை. அழகான ஒன்றை வீட்டாருக்குக் காட்ட விரும்புவது மனித இயல்பு. ஆனால், அந்தச் சுவரை உருவாக்கியவர்கள் அதனை அவ்வாறு பார்க்கவில்லை. யாரோ ஒருவர் ஒரு துண்டைக் கையிலெடுத்து, அதன் விளிம்பைப் பார்த்து, இடம் தேர்ந்து, பசை தடவி, பதியும்வரை அழுத்திப் பிடித்திருக்கிறார். பிறகு அடுத்த துண்டு. கருவறைச் சுவரில் உருத்திராக்க மணிகளும் இவ்வாறே கையால் பதிக்கப்பட்டன. பதிக்கும்போது மந்திரம் ஓதப்பட்டதாக ஆலயத்தினர் கூறுவர். கையும் கண்ணும் மனமும் ஒரே இடத்தில் இருந்த பொழுதுகள்தாம் அந்தச் சுவராக நிற்கின்றன.

இப்படியோர் ஆலயம் எழுப்பும் எண்ணம் எப்படிப் பிறந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பேங்காக் நகரில் ஒரு பௌத்த ஆலயத்தின் கண்ணாடி வேலைப்பாடு ஒளிர்ந்ததைக் கண்டபோதுதான் இது தோன்றியது என்பர். அந்த ஒளியை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். ஒருவர் மட்டும் அதில் சற்று நேரம் நிலைத்தார்.

கலையின்முன் மனிதர் எவ்வளவு நேரம் நிற்கின்றனர்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இதனை ஆராய்ந்து 2001இல் முடிவை வெளியிட்டனர். உலகப் புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால்கூட, சரிபாதிப் பார்வைகள் 17 வினாடிக்குள் முடிந்துவிட்டன. திறன்பேசிகள் பெருகாத காலத்துக் கணக்கு இது. ஆகவே எல்லாப் பழியையும் திறன்பேசியின்மேல் போடுவது முறையன்று. அவசரம் அதற்கும் மூத்தது.

கண்ணாடி ஆலயத்தில் 17 வினாடிக்குமேல் நிற்பவருக்கு வேறொன்று புலப்படும். ஒரே தட்டையான கண்ணாடி ஒரே உருவத்தைக் காட்டும். சிறு துண்டுகளோ ஒன்றுக்கொன்று சற்றே சாய்ந்திருப்பதால் எதிரில் நிற்பவரின் முகத்தை நூறாக உடைத்துக் காட்டுகின்றன. முதலில் ஒருவர் தம் முகத்தையே தேடுவார். கிடைக்காது. தேடுவதைக் கைவிட்ட பின்னரே விளக்கின் சுடரும், அருகில் நிற்பவரின் சேலை நிறமும், கூரையின் வெளிச்சமும் கண்ணில் படத் தொடங்கும். தன்னைத் தேடுவது சற்றே ஓயும் அந்தக் கணத்தை ஆன்மிகம் எனக் கூறினால் அது மிகையாகாது. அது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதும் அன்று. இவ்வாலயத்திலேயே புத்தர், இயேசு, அன்னை தெரேசா ஆகியோரின் சிலைகளும் இடம்பெற்றுள்ளன.

தமிழில் ‘சும்மா’ என்றொரு சொல் உண்டு. “ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய்?” என்று கேட்காத பெற்றோர் இல்லை. அதே சொல்லை அருணகிரிநாதரும் தாயுமானவரும் மிக உயர்ந்த நிலைக்குப் பெயராக்கினர். வீட்டில் திட்டு வாங்கித் தரும் செயலே ஞானியரிடம் பேறாகிவிடுகிறது! இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். சோம்பியிருப்பவரின் மனம் அலைந்துகொண்டே இருக்கும். ஞானியரின் மனம் அடங்கியிருக்கும். எனினும், சற்று நேரம் வெறுமனே உட்காரக்கூடத் தெரியாதவர் அந்த அடக்கத்தை எங்கிருந்து தொடங்குவார்?

உட்காருவது எளிதன்று. அமெரிக்காவின் வெர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்பாளர்களை ஓர் அறையில் 15 நிமிடம் தனியே இருக்கச் செய்தனர். புத்தகமோ திறன்பேசியோ இல்லை. விரும்பினால் தமக்குத் தாமே இலேசான மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. 18 ஆண்களுள் 12 பேரும், 24 பெண்களுள் 6 பேரும் அப்பொத்தானை அழுத்தினர். சும்மா இருப்பதைவிட வலி மேல் என்று அவர்களுக்குத் தோன்றியது போலும்.

இதனால்தான் கலையும் வாசிப்பும் தேவைப்படுகின்றன. வெறுமையில் நிற்க இயலாத மனத்திற்கு அவை பற்றிக்கொள்ள ஒரு கொம்பைத் தருகின்றன. ஆனால் வாசிப்பும் அவசரத்திலிருந்து தப்பவில்லை. பள்ளிகளில் நிலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ் மாணவர்கள் படித்த நூல்களின் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றனர். இத்திட்டம் பல மாணவர்களை நூலகத்துக்குள் அழைத்து வந்துள்ளது. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், எண்ணிக்கையை உயர்த்தவே மெல்லிய நூலாகத் தேடுவதும், பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதுவதும் மாணவர் பலரும் அறிந்த உத்திகளே. ஒரே சிறுகதையை மூன்று முறை படித்து, மூன்றாம் முறை அந்தப் பாட்டி ஏன் வாசற்படியிலேயே அமர்ந்திருந்தாள் என்று திடீரென விளங்கிக்கொண்ட மாணவிக்குப் பதிவேட்டில் ஒரு வரிதான். இதற்குப் பெரிய சீர்திருத்தம் வேண்டியதில்லை. நூலகப் பாடவேளையில் பத்து நிமிடம், எதையும் பதிவு செய்யத் தேவையில்லாத வாசிப்புக்கு ஒதுக்கப்பட்டால் போதும்.

“தேர்வு, கூடுதல் வகுப்பு, புறப்பாடம் எனப் பொழுது போதவில்லை, இதில் அமைதிக்கு நேரம் ஏது?” என்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொழுது விடியுமுன்பே ஜொகூர் கடற்பாலத்தில் ஊர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர்களுக்கு இக்கேள்வியைக் கேட்க இன்னும் அதிக உரிமை உண்டு. 1924இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. ஆனால், நெரிசல் மிகுந்த நாள்களில் அதைக் கடக்க மணிக்கணக்காகும். களைத்துப் போனவரிடம் சென்று, “கடலைப் பாருங்கள், மனம் அமைதியடையும்” என்று அறிவுரை கூறுவது இரக்கமற்ற செயல். அவருக்கு முதலில் தேவை தூக்கம். இப்பொழுது புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் விரைவு இரயில் பாதை உருவாகி வருகிறது; பயணம் ஏறத்தாழ 5 நிமிடமே ஆகும். மிஞ்சும் நேரம் வீட்டின் உணவு மேசைக்கு வருமா, திரைக்குப் போகுமா என்பதைத் திட்டமிட்ட பொறியாளர்களால் தீர்மானிக்க இயலாது.

அமைதிக்கெனத் தனி நேரம் ஒதுக்க இயலாத வீடுகளிலும் சில வேலைகள் அதனைத் தாமே கொண்டு வருகின்றன. சிக்குக் கோலம் போடும் பெண்ணைப் பார்த்தால் இது விளங்கும். புள்ளிகளை வைத்தபின், இழை ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். ஒரு வளைவு தவறினால் கோலம் முழுவதும் குலைந்துவிடும். விரலிடுக்கில் மாவு வழியும்போது வேறெதையும் தொடவும் முடியாது. அந்த ஐந்து நிமிடம் அவர் எங்கும் போவதில்லை. எவரும் அவரை அழைப்பதுமில்லை.

ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக் கார் அந்தக் கோலத்தின்மேல் ஏறி வெளியே செல்லும். எஞ்சிய மாவை எறும்புகள் இழுத்துச் செல்லும். மறுநாள் விடியற்காலையில் தரை கழுவப்பட்டு, மீண்டும் முதல் புள்ளி வைக்கப்படும்.